கடைசிக்கால நியாயத்தீர்ப்புப் படிமங்களை வாசிக்கும் முறை

வேதாகமத்தின் கடைசி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்தின் நியாயத்தீர்ப்புக் காட்சிகளை வாசிப்போரில் பலர் முதலில் கேட்கும் கேள்வி, இது எப்போது நடக்கும் என்பதாகும். அந்தக் கேள்வியைக் கடைசிக்கு ஒத்திவைக்கும்படி இந்த வழிகாட்டி கேட்டுக்கொள்கிறது. இரத்தமாக மாறும் சந்திரன், பாதாளக் குழியிலிருந்து எழும் வெட்டுக்கிளிகள், குதிரைகளின் கடிவாளம் வரை பெருகும் இரத்தம் போன்ற காட்சிகளைக் கண்டதும் நாட்காட்டியையும் செய்தித்தாளையும் தேடிப்போகாமல், இந்தப் படிமம் இதற்கு முன் வேதத்தில் எங்கே வந்தது, அங்கே அது யாருக்கு எதிராகப் பேசியது, இங்கே அது எவ்வாறு மாற்றப்பட்டிருக்கிறது என்று வரிசையாகக் கேட்கப் பழகினால், குழப்பத்தின் பெரும்பகுதி தானாகவே விலகும். திருவெளிப்பாடு என்னும் பெயரில் இந்நூலை அறிந்த கத்தோலிக்க வாசகர்களுக்கும் இம்முறை அப்படியே பொருந்தும்.

இதற்கு இணைவசனங்கள் அச்சிடப்பட்ட ஒரு வேதாகமமும், ஒரு சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஓர் ஒத்தவாக்கிய அகராதியும், குறிப்பேடும் போதும். விளக்கவுரைகளைப் பிறகு திறக்கலாம். அவற்றை முதலில் திறந்தவர்கள் பெரும்பாலும் படிமத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதற்கான விடையைப் பார்த்துவிடுகிறார்கள்.

நூல் தானே தரும் விளக்கங்கள்

முதல் வேலை, ஆசிரியர் யோவானே விளக்கிவிட்ட படிமங்களைக் குறித்துக்கொள்வது. ஏழு நட்சத்திரங்கள் ஏழு சபைகளின் தூதர்கள் என்றும், ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் என்றும் இந்நூலின் 1:20 சொல்கிறது. தூபவர்க்கம் பரிசுத்தவான்களின் ஜெபங்கள் என்பது 5:8. வலுசர்ப்பம் பிசாசு என்பது 12:9. மெல்லிய வஸ்திரம் பரிசுத்தவான்களின் நீதி என்பது 19:8. பதினேழாம் அதிகாரம் இவ்வகையில் மிகவும் தாராளமானது: ஏழு தலைகள் ஏழு மலைகள், திரளான தண்ணீர்கள் ஜனங்களும் கூட்டங்களும், ஸ்திரீ பூமியின் ராஜாக்கள்மேல் ராஜ்யபாரம்பண்ணும் மகா நகரம் என்று தூதனே விளக்குகிறான். இப்படி விளக்கம் தரப்பட்ட இடத்தில் வேறு விளக்கம் தேடுவதற்கு நமக்கு அனுமதி இல்லை. அதைவிட முக்கியமாக, இந்த இடங்கள் ஒரு பழக்கத்தைக் கற்றுத் தருகின்றன. யோவானின் குறியீடுகள் பெரும்பாலும் மக்கள் கூட்டங்களையும், அதிகார அமைப்புகளையும், ஆவிக்குரிய வல்லமைகளையும் சுட்டுகின்றன. பின்னாளில் கண்டுபிடிக்கப்படவிருந்த எந்த இயந்திரத்தையும் அவர் ஓரிடத்திலேனும் இவ்வாறு விளக்கியதில்லை.

முதலில் கேட்டவர்கள் யார்?

இந்நூல் எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகிய ஏழு சபைகளுக்கு எழுதப்பட்ட நிருபமும் ஆகும். தொமித்தியன் பேரரசனின் ஆட்சி முடிவில், அதாவது 96 ஆம் ஆண்டை ஒட்டி, இத்தரிசனம் காணப்பட்டது என்று இரண்டாம் நூற்றாண்டின் ஆயரான இரேனேயு எழுதியிருக்கிறார். அறிஞர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கின்றனர். நீரோவின் மரணத்தை ஒட்டிய 68 ஆம் ஆண்டுக்கு அருகில் வைப்போரும் உண்டு. எந்தக் காலத்தை ஏற்றாலும், ரோமப் பேரரசின் கீழ் வாழ்ந்த சிறு சிறு குழுக்களின் காதில் இந்த வார்த்தைகள் விழுந்தன என்பது மாறாது.

இந்நூலில் தீர்ப்புகள் ஏழு முத்திரைகள், ஏழு எக்காளங்கள், ஏழு கலசங்கள் என மூன்று தொடர்களாக வருகின்றன. அவற்றுள் மூன்றாம் முத்திரையின் கறுப்புக் குதிரையை எடுத்துக்கொள்வோம். ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை, ஒரு பணத்துக்கு மூன்று படி வாற்கோதுமை, ஆனால் எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே என்று ஒரு குரல் கேட்கிறது. மத்தேயு 20:2 இன்படி ஒரு பணம் என்பது ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. அதாவது நாள் முழுவதும் உழைப்பவன் தன் ஒருவனுடைய வயிற்றை மட்டுமே கோதுமையால் நிரப்ப முடியும். குடும்பம் இருந்தால் மலிவான வாற்கோதுமைக்கு இறங்க வேண்டும். வசதியுள்ளோரின் மேசைக்குரிய எண்ணெய்க்கும் ரசத்துக்கும் மட்டும் குறைவில்லை. ஆசியா மாகாணத்தின் சபையார் இதைக் கேட்டபோது தாங்கள் அறிந்த ஒரு சந்தையைக் கண்முன் கண்டிருப்பார்கள். ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதிக்கு அப்பாலிருந்து வரும் குதிரைப்படையும் அப்படியே. ரோமின் கிழக்கு எல்லையாக விளங்கிய அந்நதிக்கு அப்பால் இருந்த பார்த்தர்களின் வில்வீரர்கள், 62 ஆம் ஆண்டில் ரோமப் படையைப் பணியவைத்த நினைவு அப்போது பழையதாகியிருக்கவில்லை. உங்கள் விளக்கத்தைச் சிமிர்னா சபையார் கேட்டால் அவர்களுக்கு ஏதேனும் புரிந்திருக்குமா என்று ஒவ்வொரு முறையும் சோதித்துப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்வரை யாருக்கும் விளங்காத பொருளை மட்டும் தரும் விளக்கம், நூலை அதன் முதல் வாசகர்களிடமிருந்தே பறித்துவிடுகிறது.

பழைய ஏற்பாட்டு வேரைத் தேடுதல்

யோவான் தமது நூலில், எழுதியிருக்கிறபடியே என்று சொல்லி எந்த வசனத்தையும் மேற்கோள் காட்டுவதில்லை. ஆனாலும் பழைய ஏற்பாட்டின் நினைவு படாத பத்தியை அதில் காண்பது அரிது. எசேக்கியேல், தானியேல், ஏசாயா, சகரியா, யோவேல், யாத்திராகமம், சங்கீதங்கள் ஆகியவை அவருடைய சொற்களஞ்சியம். ஆகவே ஒரு நியாயத்தீர்ப்புப் படிமத்தை எடுத்தவுடன் அதன் மூலத்தைத் தேடிப் போய், அந்த அதிகாரம் முழுவதையும் வாசிக்க வேண்டும். ஒரு வசனத்தை மட்டும் வாசித்துத் திரும்பினால் பயன் குறைவு.

எக்காளங்களும் கலசங்களும் எகிப்தின் வாதைகளை நினைவூட்டுகின்றன: கொப்புளங்கள், இரத்தமான தண்ணீர், இருள், வெட்டுக்கிளி, கல்மழை, தவளைகளைப் போன்ற ஆவிகள். இந்த ஒற்றுமையைக் கவனித்தவுடன் ஒரு முக்கியமான உண்மை தெளிவாகும். எகிப்தின் வாதைகள் அடிமைகளின் கூக்குரலுக்கு வந்த பதில். அவ்வாறே வெளிப்படுத்தின விசேஷத்திலும் பலிபீடத்தின் கீழிருந்து, எதுவரைக்கும் எங்கள் இரத்தத்தைக்குறித்துப் பழிவாங்காமல் இருப்பீர் என்று கொல்லப்பட்டவர்கள் கேட்கிறார்கள் (6:10). எட்டாம் அதிகாரத்தில் அவர்களுடைய ஜெபங்களின் தூபம் எழும்பிய அதே பலிபீடத்தின் நெருப்பு பூமியில் கொட்டப்படுகிறது. இந்தத் தொடர்பைப் பார்க்காதவருக்கு இக்காட்சிகள் வெறும் அழிவாகத் தெரியும். பார்த்தவருக்கு இவை ஒரு நீதிமன்றத்தில் பல காலம் நிலுவையில் கிடந்த வழக்கின் தீர்ப்பாகத் தெரியும்.

சூரியன் இருளடைவதும் சந்திரன் இரத்தம்போலாவதும் மிக அதிகமாகத் தவறாக வாசிக்கப்படும் படிமங்கள். ஏசாயா 13:10 இல் நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் ஒளி இழக்கின்றன. அந்த அதிகாரத்தின் தலைப்பு பாபிலோனைப் பற்றிய தரிசனம், அதன் 17 ஆம் வசனம் மேதியரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கி.மு. 539 இல் பாபிலோன் பாரசீக அரசன் கோரேசுக்கு வீழ்ந்தபோது வானத்துச் சூரியன் அணையவில்லை. ஒரு பேரரசின் உலகம்தான் அணைந்தது. எசேக்கியேல் 32 இல் அதே மொழி பார்வோனுக்கு எதிராக வருகிறது. ஏசாயா 34 இல் வானங்கள் புஸ்தகச்சுருளைப்போல் சுருட்டப்படுவது ஏதோமுக்கு எதிரான தீர்ப்பில். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு யோவேலின் இந்த வார்த்தைகளையே எடுத்துத் தம் கண்முன் நடப்பதோடு இணைத்தார். ஆகவே 6:12 முதல் 14 வரை வாசிக்கும்போது, மனிதர் அசைக்க முடியாதவை என்று நம்பியிருந்த ஒழுங்குகள் தேவனுக்கு முன்பாகக் குலைவதைச் சொல்லும் மரபுமொழி இது என்பதை முதலில் ஏற்க வேண்டும். இதனால் அண்டத்தின் இறுதி மாற்றம் என்ற பொருள் இல்லாமல் போய்விடாது. பலர் இரண்டையும் சேர்த்தே புரிந்துகொள்கிறார்கள். ஆனால் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பஸ்கா, கூடாரப் பண்டிகை நாள்களில் அடுத்தடுத்து நான்கு முழுச் சந்திர கிரகணங்கள் வந்தபோது அவற்றையே தீர்ப்பின் அடையாளமாக அறிவித்தவர்கள், இந்த மரபை அறியாமல் வானியல் அட்டவணையைத் தீர்க்கதரிசனமாக்கினார்கள்.

மூன்றாம் எக்காளத்தில் விழுந்து தண்ணீரைக் கசப்பாக்கும் எட்டி என்னும் நட்சத்திரத்துக்கு நேர்ந்ததும் இதுவே. 1986 இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது அந்த ஊர்ப்பெயர் ஒரு கசப்புச் செடியைக் குறிக்கிறது என்பதைக் கொண்டு, அந்த நட்சத்திரம் இதுவே என்று பலர் முடிவு கட்டினார்கள். எரேமியா 9:15 ஐயும் 23:15 ஐயும் அவர்கள் திறந்திருந்தால், எட்டியும் பிச்சுக் கலந்த தண்ணீரும் பொய்த் தெய்வங்களைப் பின்பற்றிய ஜனத்துக்கும், தேசத்தைக் கெடுத்த தீர்க்கதரிசிகளுக்கும் கொடுக்கப்படுவதைக் கண்டிருப்பார்கள். ஆமோஸ் 5:7 நியாயத்தை எட்டியாக மாற்றுகிறவர்களைக் கண்டிக்கிறது. நியாயத்தைக் கசப்பாக்கியவர்கள் கசப்பையே குடிக்கிறார்கள் என்பதே இப்படிமத்தின் உள்ளடக்கம்.

ஒரு படிமத்தை முழுமையாக வாசித்துப் பார்த்தல்: திராட்சை ஆலை

14:17 முதல் 20 வரையுள்ள பகுதி பலரை அச்சுறுத்துவது. அதனாலேயே பயிற்சிக்கு ஏற்றது. ஒரு தூதன் பூமியின் திராட்சப்பழங்களை அறுத்து, தேவனுடைய கோபாக்கினையென்னும் பெரிய ஆலையிலே போடுகிறான். நகரத்திற்குப் புறம்பே ஆலை மிதிக்கப்படுகிறது. இரத்தம் குதிரைகளின் கடிவாளங்கள் மட்டும் பெருகி ஆயிரத்தறுநூறு ஸ்தாதி தூரத்துக்குப் பாய்கிறது.

முதலில் மூலத்தைத் தேடுவோம். யோவேல் 3:13 இல் முதிர்ந்த பயிர், அரிவாள், நிரம்பி வழியும் ஆலை ஆகிய மூன்றும் ஒன்றாக வருகின்றன. அந்த அதிகாரத்தின் தொடக்கத்துக்குப் போனால், ஜாதிகள் எதற்காக யோசபாத்தின் பள்ளத்தாக்கில் விசாரிக்கப்படுகின்றன என்பது தெரியும்: அவர்கள் ஜனங்களைச் சீட்டுப்போட்டுப் பங்கிட்டார்கள், திராட்சரசத்துக்காகச் சிறுமிகளை விற்றார்கள் (3:3). திராட்சரசத்துக்காகக் குழந்தையை விற்றவர்கள் திராட்சை ஆலையில் விழுகிறார்கள். தீர்ப்பு குற்றத்தின் வடிவத்தையே எடுத்துக்கொள்வதை இந்நூலில் மறுபடியும் மறுபடியும் காணலாம். பரிசுத்தவான்களின் இரத்தத்தைச் சிந்தினவர்களுக்கு இரத்தமே குடிக்கக் கொடுக்கப்படுகிறது (16:6), பூமியைக் கெடுத்தவர்கள் கெடுக்கப்படுகிறார்கள் (11:18).

இரண்டாவதாக ஏசாயா 63. அங்கே போஸ்றாவிலிருந்து சாயந்தீர்ந்த வஸ்திரங்களுடன் வருகிறவர், தாம் ஒருவராக ஆலையை மிதித்ததாகச் சொல்கிறார். மூன்றாவதாக ஒன்று உண்டு. இதைப் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். புலம்பல் 1:15 இல் ஆலையில் மிதிக்கப்படுபவள் யூதா குமாரத்தி. ஆகவே இப்படிமம் எப்போதும் அயலாரையே குறிவைக்கும் என்று எண்ண இடமில்லை. உடன்படிக்கை ஜனமும் ஒருமுறை அந்த ஆலைக்குள் இருந்திருக்கிறது.

இனி யோவான் செய்யும் மாற்றங்களைப் பார்ப்போம். அறுக்கும்படி சொல்லும் தூதன் பலிபீடத்திலிருந்து புறப்படுகிறான். அவன் அக்கினியின்மேல் அதிகாரம் பெற்றவன். ஆறாம், எட்டாம் அதிகாரங்களின் கூக்குரலும் நெருப்பும் இங்கே திரும்பக் கேட்கின்றன. பழங்கள் பழுத்திருக்கின்றன என்று அவன் வலியுறுத்துவதால், தீர்ப்பு அவசரப்பட்டு வரவில்லை என்பது தெரிகிறது. 1,600 என்பது நாற்பதை நாற்பதால் பெருக்கினால் வரும் எண். நான்கின் வர்க்கத்தைப் பத்தின் வர்க்கத்தால் பெருக்கினாலும் அதுவே வரும். நான்கு பூமியின் திசைகளையும் பத்து முழுமையையும் குறிப்பதை இந்நூலின் பிற இடங்களோடு ஒப்பிட்டு, உலகளாவிய முழுமையான தீர்ப்பு என்று பலர் கொள்கின்றனர். அளவையாகப் பார்த்தால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். குதிரை மார்பளவு இரத்தத்தில் நடக்கும் என்னும் மிகைக்கூற்று பழைய யூத நூலாகிய ஏனோக்கு நூலிலும் இருப்பதால், அக்கால வாசகர்களுக்கு இது பழகிய போர்மொழி என்பதும் உறுதி. இத்தனை கன மீட்டர் இரத்தத்துக்கு இத்தனை கோடி மனிதர் வேண்டும் என்று கணக்குப் போடுவது இங்கே வாசிப்பாகாது.

நகரத்திற்குப் புறம்பே என்ற தொடரைக் கொண்டு, நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்ட இயேசுவை (எபிரெயர் 13:12) நினைவுகூரும் விளக்கமும் இருக்கிறது. இதை நான் ஒரு சாத்தியமாக மட்டுமே குறித்துக்கொள்வேன். ஆலையின் பலம் முழுவதையும் இதன்மேல் சுமத்தமாட்டேன். 19:13 இல் போருக்கு வரும் கிறிஸ்துவின் இரத்தத்தில் தோய்க்கப்பட்ட வஸ்திரத்தைப் பற்றியும் இதே பிரிவு உண்டு. ஏசாயா 63 ஐ நேராகத் தொடர்பவர்கள் அது சத்துருக்களின் இரத்தம் என்கிறார்கள். போர் தொடங்கும் முன்பே வஸ்திரம் தோய்ந்திருக்கிறது என்பதைச் சுட்டுவோர், அது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியானவரின் சொந்த இரத்தம் என்கிறார்கள். ஐந்தாம் அதிகாரத்தில் சிங்கம் என்று அறிவிக்கப்பட்டவர் ஆட்டுக்குட்டியாகக் காணப்பட்டதையும், 19 ஆம் அதிகாரத்தின் ஒரே ஆயுதம் அவருடைய வாயிலிருந்து புறப்படும் பட்டயம் என்பதையும் நினைத்தால், இரண்டாம் கருத்துக்கு நியாயமான எடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

வரிசையும் பின்னங்களும்

முத்திரைகள், எக்காளங்கள், கலசங்கள் ஆகியவற்றை இருபத்தொரு சம்பவங்கள் கொண்ட ஒரே நேர்கோட்டுக் காலவரிசையாக வரைந்து தொங்கவிடும் வழக்கம் உண்டு. நூல் இதற்கு எளிதில் இணங்காது. ஆறாம் முத்திரையில் நட்சத்திரங்கள் விழுந்து வானமும் சுருண்டு விலகிப்போகிறது. ஆயினும் நான்காம் எக்காளத்தில் சூரிய சந்திர நட்சத்திரங்களின் மூன்றில் ஒரு பங்கு அடிபடுகிறது. முதல் எக்காளத்தில் பசும்புல் எல்லாம் எரிந்துபோகிறது. ஐந்தாம் எக்காளத்தில் வெட்டுக்கிளிகளுக்குப் புல்லைச் சேதப்படுத்தக்கூடாது என்று கட்டளை வருகிறது. மூன்றாம் நூற்றாண்டின் விக்டோரினு, இந்நூலுக்கு லத்தீனில் எழுதிய விளக்கவுரையிலேயே, கலசங்கள் எக்காளங்கள் சொன்னதைத் திரும்பச் சொல்கின்றன என்று குறித்தார். நேர்கோட்டு வரிசையை ஏற்போர் இன்றும் உண்டு. அவர்கள் மேற்கண்ட வசனங்களுக்குத் தனித்தனியே விடை சொல்ல வேண்டியிருக்கும்.

வரிசை எதுவாயினும், பின்னங்களை அடிக்கோடிடுங்கள். முத்திரையில் நான்கில் ஒரு பங்கு, எக்காளத்தில் மூன்றில் ஒரு பங்கு, கலசத்தில் முழுமை. ஆறாம் முத்திரைக்கும் ஏழாம் முத்திரைக்கும் நடுவே ஓர் இடைவேளை, எக்காளங்களிலும் அப்படியே. கலசங்களில் அந்த இடைவேளை காணப்படுவதில்லை. இத்துடன் 9:20, 9:21, 16:9, 16:11 ஆகிய வசனங்களில் அவர்கள் மனந்திரும்பவில்லை என்று திரும்பத் திரும்ப வருவதைச் சேர்த்துப் படித்தால், பகுதியளவான தீர்ப்புகள் எச்சரிக்கைக்காகவே அளந்து கொடுக்கப்பட்டன என்பது விளங்கும். எரேமியா 18:7, 8 இன் விதியும், நாற்பது நாள் கெடு பெற்று மனந்திரும்பிய நினிவேயின் வரலாறும் இதே சிந்தனையின் வேர்கள்.

எப்போது என்னும் கேள்வி

இவற்றையெல்லாம் முடித்த பிறகே காலக்கேள்விக்கு வரவேண்டும். நான்கு பெரிய போக்குகள் உள்ளன. பெரும்பகுதி 70 ஆம் ஆண்டின் எருசலேம் அழிவிலோ ரோமின் வீழ்ச்சியிலோ நிறைவேறியது என்பது ஒன்று. திருச்சபை வரலாறு முழுவதிலும் படிப்படியாக நிறைவேறுகிறது என்பது இன்னொன்று. பெரும்பகுதி இனிமேல்தான் நிகழும் என்பது மூன்றாவது. எல்லாக் காலத்துக்கும் பொதுவான போராட்டத்தைக் குறியீடாகச் சொல்கிறது என்பது நான்காவது. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வது வாசகரின் உரிமை. ஆனால் தேதி குறிப்பது எந்தப் போக்கிலும் உதவியதில்லை. அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் தானியேல் 8:14 இன் 2,300 நாள்களை ஆண்டுகளாக எண்ணி, 1844 அக்டோபர் 22 ஆம் நாளில் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்து பெரும் ஏமாற்றம் அடைந்தார்கள். மிருகத்தின் எண்ணாகிய 666 க்கும் இதே கதிதான். நீரோ இராயன் என்னும் பெயரை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் அந்த எண் வருகிறது என்பதும், சில பழைய கையெழுத்துப் படிகளில் 616 என்று இருப்பதும் அறிந்த செய்திகள். ஆயினும் ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் பிடிக்காத ஆட்சியாளரின் பெயரை அதற்குள் திணித்திருக்கிறது.

கருத்து வேறுபடும் இடங்களில்

அக்கினிக்கடலைப் பற்றி அவசர முடிவு வேண்டாம். இதுவே இரண்டாம் மரணம் என்று நூலே விளக்கம் தருகிறது. மரணமும் பாதாளமும் அதில் தள்ளப்படுகின்றன (20:14). மரணம் என்பது எரியக்கூடிய பொருள் அன்று. எனவே படிமத்தின் வேலை இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. மறுபுறம் 14:11 வாதையின் புகை சதாகாலமும் எழும்பும் என்கிறது. அதன் மூலமாகிய ஏசாயா 34:10 இல் ஏதோமின் புகை என்றென்றைக்கும் எழும்புகிறது. அடுத்த வசனத்திலேயே காட்டுப் பறவைகள் அங்கே குடியிருக்கின்றன. முடிவில்லாத உணர்வுள்ள வேதனை என்போரும், இறுதி அழிவு என்போரும் இந்த வசனங்களையே வைத்து வாதிடுகிறார்கள். திருச்சபையின் பெரும்பான்மை மரபு முதல் கருத்தின் பக்கம் நின்றது. குறிப்பேட்டில் வசனம் நேராகச் சொல்வதை ஒரு பக்கத்திலும், அதிலிருந்து நாம் முடிவு செய்வதை மறுபக்கத்திலும் எழுதினால், எங்கே உறுதியாகப் பேசலாம், எங்கே நிதானிக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது

பதினெட்டாம் அதிகாரத்தை விளக்குபவர் பாபிலோன் எந்த நாடு என்று சுட்டுவதற்கு முன், பொன்னில் தொடங்கி மனுஷருடைய ஆத்துமாக்களில் முடியும் அந்தச் சரக்குப் பட்டியலைச் சபையில் உரக்க வாசிக்க வேண்டும். அதன்பின், என் ஜனங்களே அவளை விட்டு வெளியே வாருங்கள் என்னும் 18:4 ஐ வாசிக்க வேண்டும். அந்தக் குரல் பாபிலோனுக்கு உள்ளே இருக்கும் விசுவாசிகளை நோக்கியது; எனவே கேட்போர் தங்கள் சொந்த வாணிகத்தையும் வாழ்வையும் ஆராயாமல் இந்தப் பகுதியைக் கடக்க முடியாது.

நிலநடுக்கமோ கொள்ளைநோயோ வந்த வாரத்தில், அதில் இறந்தவர்கள்மேல் இந்தக் கலசங்களில் ஒன்றைப் பொருத்திப் பேசாதீர்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்ததையும், பிலாத்து கலிலேயரைக் கொன்றதையும் பற்றிய பேச்சு வந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்னும் கணக்கை இயேசு மறுத்துவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்பச் சொன்னார் (லூக்கா 13:1 முதல் 5 வரை). நியாயத்தீர்ப்புப் படிமங்களைப் பிரசங்கிக்க ஆயத்தப்படும் ஒருவர் அந்த ஐந்து வசனங்களையும் தம் குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.